நடந்தவள் வைதேகி, உட்கார்ந்தவள் நான்

வீட்டுக்கு வைஃபை பெட்டி வாங்கப் போகிறோம், எது நல்லது, இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா என்று கேட்டு இன்றும் எனக்கு அடிக்கடி போன் வருகிறது. நான் ஓய்வு பெற்றது தெரிந்தும் பழைய ஆபீஸ் பிள்ளைகள் என் நம்பரை யார் யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வீட்டை நடந்து பாருங்கள். ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் போகட்டும். குரல் எங்கே கெடுகிறதோ அங்கே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். எத்தனை பெட்டி, எந்த இடம் என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும்.

கேட்பவர்கள் என்னைப் பெரிய அனுபவசாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை என்னவென்றால், நான் நடந்தவள் இல்லை. உட்கார்ந்து பேசியவள். நடந்தவள் வைதேகி. அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

என் பெயர் ஸ்டெல்லா. சாந்தோமில் பிறந்து, அங்கேயே மாதா கோயில் பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தேன். கொஞ்ச காலம் ரேடியோ கடையில் ஈயம் பற்றவைத்தேன். பிறகு தி.நகரில் இன்டர்காம், கார்ட்லெஸ் போன் பொருத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வைதேகி எனக்கு இரண்டு மாதம் கழித்துச் சேர்ந்தாள். மயிலாப்பூர்ப் பெண், அதே படிப்பு, என்னைவிட மார்க் குறைவு. இதை நான் அப்போதே விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன்.

எங்கள் மேலதிகாரி ராஜமாணிக்கம் சார். சைதாப்பேட்டைக்காரர். டெலிபோன் லைன் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு வீட்டுக்குள் அவர் நுழைவதைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கிளம்பும்போது காலை நுழைக்க வசதியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார். பையை மடியில் வைத்துக்கொள்வாரே தவிர, திறக்க மாட்டார். வீட்டுக்காரர் கேட்டலாக் எங்கே என்று கேட்டாலும் சிரிப்பார். அவருக்கென்று சில கேள்விகள் உண்டு. போன் அதிகம் யாருக்கு வரும்? அவர் எங்கே உட்காருவார்? இரும்பு பீரோ எந்தச் சுவரில் இருக்கிறது? வெளியே ஒயர் தெரிந்தால் யாருக்குக் கோபம் வரும்? இதற்கெல்லாம் பதில் வாங்கிய பிறகு, "அப்ப நடக்கலாமா?" என்பார். அதுவரைக்கும் எந்தக் கம்பெனிப் பெயரும் அவர் வாயிலிருந்து வராது.

அந்தச் சமயத்தில்தான் புது வகைக் கார்ட்லெஸ் வந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு பேஸ், அதாவது லைன் வந்து சேரும் பெட்டி, ஒரு போன். பேஸ் இருக்கும் அறையைத் தாண்டினால் இரைச்சல். புது வகையில் வீட்டுக்குள் இரண்டு மூன்று பேஸ் வைத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் போன், கிட்டே எது இருக்கிறதோ அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். பேசிக்கொண்டே மாடி ஏறலாம். விலை அதிகம் என்பதால் பெரிய வீட்டுக்காரர்கள்தான் கேட்டார்கள். எல்லோரும் நாலு பேஸ் வேண்டும், ஐந்து வேண்டும் என்று ஆரம்பிப்பார்கள். நிறைய வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, போன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும். குறைவாக வைத்து நிறைவாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் நடை.

நடைக்கு இரண்டு பேர். ஒருத்தி ஹாலில் பேஸுக்குப் பக்கத்தில், அதே லைனில் மாட்டிய சாதாரண போனில் விடாமல் பேச வேண்டும். மற்றவள் கார்ட்லெஸைக் காதில் வைத்து நடக்க வேண்டும். வார்த்தையைக் கேட்காதே, இரைச்சலைக் கேள் என்பது சாரின் ஒரே பாடம். நடந்து முடித்தவள்தான் வீட்டுக்காரரிடம் இது இங்கே, அது அங்கே, இந்தக் கருவி போதும் என்று சொல்வாள். வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். பேசியவளிடம், "காபி சாப்பிடறேளா?" என்பார்கள்.

நாலு வருடம் நான் காபி சாப்பிட்டேன்.

முதலில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினேன். அலுத்துப்போய்ப் பேப்பர் படித்தேன். பேப்பர் இல்லாத வீடுகளில் மாதாவின் பெயர்களை அடுக்கி வேண்டும் மன்றாட்டு மாலை சொன்னேன். நீளமானது, புத்தகம் வேண்டாம், நிற்காமல் போகும். வடக்கு மாட வீதிப் பக்கம் ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "நன்னாருக்கே, எந்த ஸ்தலத்து அம்பாள்?" என்றார். வேளாங்கண்ணி என்றேன். ஓஹோ என்று கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் வைதேகி அந்த வீட்டின் உள்கட்டு, பின்கட்டு, மொட்டை மாடி எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது ஹாலும் காலண்டரும்.

அவளிடம் சாமர்த்தியம் இல்லை என்று சொல்லமாட்டேன். அதுதான் இன்னும் எரிந்தது. ஒரு வீட்டுப் பூஜையறையில் சாக்பீஸால் புள்ளி வைக்கக் கூடாது என்று அந்த வீட்டு மாமி சொல்லிவிட்டார். "அதனாலென்ன மாமி, ஆத்துல கோலமாவு இருக்குமே, ஒரு சிட்டிகை குடுங்கோ" என்று வாங்கி, அதிலேயே புள்ளி வைத்துவிட்டு வந்தாள். அந்த மாமி பிறகு தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் சிபாரிசு செய்தபோது, "அந்தக் கோலமாவுப் பொண்ண அனுப்புங்கோ" என்றுதான் கேட்டார். சார் அதை ஆபீஸில் சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். நான் டீ வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "சார், நானும் நடக்கலாமே. எப்பவும் அவளே நடக்கணுமா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா நெனைக்காதம்மா. மயிலாப்பூர்ல பாதி வூட்ல சமையல்கட்டு, பூஜை ரூம்பு தாண்டித்தான் போவணும். வைதேகின்னா இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க. உன்னை எவனாவது வாசப்படியில நிறுத்திட்டான்னா எனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனாலேயே வீட்டுக்குப் போய் அழுதேன். ஒரு வகையில் அந்தப் பதில் எனக்கு வசதியாகவும் இருந்தது. வைதேகி என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை, பிறந்த வீடுதான் வேறு என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அடையாறில் ஒரு கிளை திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அங்கே யார் இன்சார்ஜாகப் போகிறார்களோ அவர்களே வீட்டைப் பார்த்து, கருவியைத் தேர்ந்து, முடிவு சொல்லலாம். தனி மேசை, தனி போன், சக்கரம் வைத்த நாற்காலி. எனக்கு அது வேண்டும். ஆசைப்படுகிறேன் என்று கூட அல்ல, வேண்டும். ஆனால் ஆபீஸில் எல்லோரும் வைதேகியைத்தான் இப்போதே, "என்ன இன்சார்ஜ் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது வந்தது டாக்டர் வீடு. லஸ் பக்கம், பழைய இரண்டு மாடி வீடு. டாக்டரம்மா பிரசவம் பார்ப்பவர். அடுத்த தெருவிலேயே அவருடைய நர்சிங் ஹோம். அங்கிருந்து வரும் அழைப்பு, அவர் வீட்டில் எங்கே இருந்தாலும் கைக்கு எட்ட வேண்டும். வைதேகி நடந்தாள், நான் பேசினேன். மூன்று பேஸ் என்று அவள் முடிவு செய்து, அதற்கேற்ற கருவியை அவளே தேர்ந்தெடுத்தாள். பொருத்திக் கொடுத்தோம்.

பத்து நாள் போயிருக்கும். டாக்டரம்மா ஆபீஸுக்குப் போன் செய்து சாரைப் பிடித்தார். நர்சிங் ஹோமில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று நிலைமை மோசமாகி, வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். ஹாலில் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை, மடியிலேயே இருந்த போன் அடிக்கவில்லை. கடைசியில் ஆயா தெருவில் ஓடி வந்து கூட்டிப்போயிருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"அடுத்த தடவை ஆயா ஓடி வர்றதுக்கு நேரம் இருக்காது, சார்" என்றார் டாக்டரம்மா. கத்தவில்லை. சார் போனை வைத்ததும் அதை அப்படியே எங்களிடம் சொன்னார்.

வைதேகி மறுநாள் காலை போய்ப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு நாள் மதியம் போனாள். ஒரு மூலையிலும் இரைச்சல் இல்லை. டாக்டரம்மாவோ, சாயங்காலமானால் செத்துப்போகிறது என்கிறார். கருவியே கோளாறோ, வேறு கம்பெனி மாற்றலாமா, நாலாவது பேஸ் வைக்கலாமா என்று கேட்டலாக்குகளைப் பரப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நான் இரண்டு நாள் பார்த்தேன். அவள் சாப்பிடவில்லை. எனக்கு அந்த இரண்டு நாளும் நன்றாகப் பசித்தது.

சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் எங்கள் ஆபீஸ் வழக்கம் குறுக்கே நின்றது. பெண் பிள்ளைகளை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் அடுத்தவர் வீட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பது சாரின் சட்டம். எங்கள் நடையெல்லாம் காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஆரம்பித்து நாலு மணிக் காபியோடு முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டையாவது நாங்கள் விளக்கு வைத்த பிறகு பார்த்ததில்லை. அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

டாக்டரம்மா ஐந்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன், என் எதிரில் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சார் வேறு வழியில்லாமல் எங்கள் இருவரையும் அனுப்பி, தானும் கூடவே வந்து, வாசலில் ஸ்கூட்டரில் காவல் உட்கார்ந்துகொண்டார்.

நான் வழக்கம்போல ஹாலில். அன்று மன்றாட்டு மாலைதான் சொன்னேன். வைதேகி சமையலறை வழியாகப் பின்னால் போனாள். அங்கே கிரில் போட்டு, வலையடித்த வராந்தா இருந்தது. டாக்டரம்மா சாயங்காலக் காபியை அங்கேதான் குடிப்பார். நான் சொல்லச் சொல்ல வைதேகி நடுநடுவே "ம்" போட்டுக்கொண்டிருந்தாள். அந்த "ம்" எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே இருட்டத் தொடங்கியது. சமையல் செய்யும் பட்டம்மா ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனார். டப் என்று ஒரு சத்தம். அடுத்த "ம்" வரவில்லை. நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்சம் கழித்துக் கொரகொரவென்று ஏதோ வந்து, அதுவும் நின்றது.

நாலு வருடம் அடுத்தவர் ஹாலில் உட்கார்ந்தவளுக்குச் சத்தங்கள் அத்துப்படி. அது மரக்கதவு இல்லை, கொசுவலைக் கதவு. சமையலறையிலிருந்து பின்வராந்தாவுக்குப் போகும் கம்பி வலைக் கதவு. பகலில் சுவரோடு சாய்ந்து கிடக்கும். பக்கிங்ஹாம் கால்வாய்க் கொசு கிளம்பும் நேரத்தில் மூடுவார்கள். நான் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். ஹாலைத் தாண்டி, சாமி படங்கள் இருந்த அறையைத் தாண்டி, சமையலறைக்குள் போய் நின்றேன்.

"பட்டம்மா, அந்தக் கதவைத் திறங்க."

"இன்னாம்மா நீ, இப்பத்தான மூடினேன். கொசு பூந்துடும்."

"ஒரு நிமிஷம் திறந்து வைங்க. நான் சொல்றப்ப மூடுங்க."

ஹாலுக்கு ஓடிப்போய்ப் பேசினேன். "ம்" வந்தது. மூடச் சொன்னேன். போனது. திறக்கச் சொன்னேன். வந்தது. பட்டம்மா, "கதவ வச்சிக்கினு வெளாடுறாங்கோ, டாக்டரம்மா" என்று புகார் செய்தார். டாக்டரம்மா காபி டம்ளரோடு எழுந்துவந்து என் பக்கத்தில் நின்று, அவரே ஒரு முறை மூடித் திறந்து பார்த்தார்.

பழைய வீட்டுச் சுவர் அவ்வளவு தடிமன். ஜன்னல்களில் எப்போதும் கம்பி வலை. பேஸிலிருந்து வரும் அலைக்கு மிச்சமிருந்த வழி கதவு மட்டும்தான். அந்த வழியையும் விளக்கு வைத்ததும் இரும்பு வலை மூடிவிட்டது. மாடி பால்கனியிலும் இதே கதை. ஒரு பேஸைத் தூக்கிப் பின்வராந்தாவுக்குள்ளேயே வைத்து, பால்கனிக் கதவின் இரும்பு வலையைக் கழற்றி நைலான் வலை அடித்தால் போதும். மூன்றாவது பேஸே வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

"அப்ப நான் போன் கம்பெனியக் கூப்பிட்டிருக்க வேண்டாம், கொசுவலை அடிக்கிறவரைக் கூப்பிட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். நாலு வருடத்தில் ஒரு வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாசலுக்கு வந்தோம். சார் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். வைதேகி எதையும் மறைக்கவில்லை. "ஸ்டெல்லாதான் சார் கண்டுபிடிச்சா. நான் இன்னும் பத்து தடவை வந்திருந்தாலும் பகல்லயே வந்துண்டிருப்பேன்." அவள் இப்படி நேர்மையாக நடந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் மழுப்பியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஓர் இடம் கிடைத்திருக்கும்.

சார் அப்படியே பூரித்துப்போனார். என்னிடம் இரண்டு கையும் கூப்பினார். "பாத்தியாம்மா, இதுக்குத்தான் நான் உன்னை பேஸ்ல உக்கார வெச்சிக்கினு இருக்கேன். உன்னாட்டம் உக்கார யாரால முடியும்? அந்த எடத்த விட்டு உன்னை எழுப்பவே மாட்டேன்."

பாராட்டில் இப்படிக் குத்துப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். "சார், நான் சமையல்கட்டுக்குள்ள போய் நின்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல" என்றேன். "டாக்டர் வூடு வேறம்மா" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தார்.

அடையாறுக்கு வைதேகி போனாள். மைசூர்பாகு கொண்டுவந்து முதலில் எனக்குத்தான் நீட்டினாள். வாங்கி, டிபன் டப்பாவில் போட்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எங்கள் கிளையின் போர்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். தி.நகரில் நடக்க வேறொருத்தி வந்தாள். நான் பேசினேன். செல்போன் வந்து கார்ட்லெஸை ஒழித்தது. கம்பெனி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் இணைப்பு கொடுக்கப் போனது. அங்கேயும் மற்றவர்கள் நடந்து வந்து வைத்த புள்ளிகளைப் பார்த்துக் கருவி எழுதிக் கொடுக்கும் மேசை வேலைதான் எனக்கு. அப்படியே ஓய்வும் பெற்றேன்.

போன மாதம் வைதேகி போன் செய்தாள். ஆதம்பாக்கத்தில் மகன் கட்டிய மூன்று மாடி வீட்டில் இருக்கிறாள். வைஃபை எல்லா அறைக்கும் வரவில்லை, மகன் மூன்று பெட்டி செட் ஒன்றை வாங்கச் சொல்கிறான் என்றாள். "நடந்து பாக்காம வாங்க மனசு வரல ஸ்டெல்லா. எனக்கு முழங்கால் போயிடுத்து. நான் உக்காந்து பேசறேன், நீ நடக்கறியா?"

மறுநாளே போனேன். அவள் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் பேசும்படி வைத்துக்கொண்டு, ஒரு கையில் சாக்பீஸோடு நான் கிளம்பினேன். சமையலறைக்குள் போனேன். பூஜையறைக்குள் போய் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். சின்ன அறை. இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். இதற்காகவா என்றிருந்தது.

காதில் வைதேகி ஒன்று இரண்டு மூன்று எண்ணி, அலுத்துப்போய்ப் பேச ஆரம்பித்திருந்தாள். "அடையாறுல நான் நடக்கவே இல்ல, தெரியுமோ? இன்சார்ஜ்னு பேரு, நாள் முழுக்க பில்லு எழுதிண்டு உக்காந்திருந்தேன். தினம் அஞ்சு மணிக்கு சார் போன் பண்ணி, கெளம்பிட்டியாம்மான்னு கேப்பார். ஒரு நாள் கோவத்துல ரிசீவரையே எடுத்துக் கீழ வெச்சுட்டேன்." நான் மாடி ஏறினேன், பால்கனிக்குப் போனேன், மொட்டை மாடிக்கும் போனேன். அவள் மருமகளைப் பற்றிச் சொன்னாள், முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். நான் சிரித்தேன், உச் கொட்டினேன்.

கீழே வந்ததும் கேட்டாள். "எங்கெல்லாம் விட்டுது?"

சாக்பீஸ் முனை தேயாமல் இருந்தது. ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. இரண்டாவது மாடியில் எங்கேயோ குரல் கரகரத்தது, ஆனால் அது மருமகள் கதையில் முக்கியமான இடம். கரகரப்பைத் தள்ளிவிட்டு வார்த்தையைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறேன்.

"வார்த்தையக் கேட்டுட்டேன்" என்றேன்.

வைதேகி விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு வருஷம் என் காதுக்குள்ளயே பேசினியே, அதுல ஒரு வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லடி. நீ மாதா மேல என்னமோ சொல்லுவேன்னு சார் சொல்லித்தான் தெரியும். எனக்கு இரைச்சல் மட்டுந்தான் கேக்கும்."

நான் சிரிக்கவில்லை. சமையல்கட்டு, பூஜையறை என்று சார் சொன்ன காரணம் தப்பு. அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தப்பான காரணத்தைச் சொல்லி, சரியான ஆளை அனுப்பியிருக்கிறார். இத்தனை வருடம் அந்தத் தப்பான காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன். இப்போது அதுவும் கையைவிட்டுப் போய், வெறும் பொறாமை மட்டும் மிச்சமிருக்கிறது. முன்பைவிட அதிகமாக வயிறு எரிகிறது.

"பேசு, மறுபடியும் நடக்கறேன்" என்றேன்.

"இந்தத் தடவை கேக்காதே" என்றாள் அவள்.

கேட்கவே கூடாது என்ற முடிவோடு போனைக் காதில் வைத்துப் படியேறினேன். "அந்த டாக்டர் வீட்டு வாசல்ல, சார் உன்னக் கும்பிட்டாரே, எனக்கு அன்னிக்கு..." என்று அவள் ஆரம்பித்தாள். நான் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன்.